எச்.ஐ.வி. நிதியைப் பங்கிடும் இடத்தில் பாதிக்கப்பட்டோருக்கும் வாக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் ஐந்தாம் கட்டம், 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு 15,471.94 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் வகுக்கப்பட்டது. இது முழுவதும் மத்திய அரசின் பணம். இதில் தமிழ்நாட்டுக்கு வரும் பங்கை எந்த மாவட்டத்தில், எந்தச் சமூகத்துக்காக, எந்தப் பணிக்குச் செலவிடுவது என்பதை மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் ஆண்டுதோறும் ஒரு செயல்திட்டமாக எழுதி டெல்லிக்கு அனுப்புகிறது. அங்கே ஒப்புதல் கிடைத்த பிறகு நிதி தவணை தவணையாக வந்து சேருகிறது. அடுத்த கட்டத்தைப் பற்றி யோசிக்க வேண்டிய இந்த வேளையில் ஒரே ஒரு கோரிக்கையைத் தங்கள் நாளிதழ் வழியாக அரசின் முன்னும் வாசகர்கள் முன்னும் வைக்க விரும்புகிறேன். அந்தச் செயல்திட்டம் எழுதப்படும் மேசையில், எச்.ஐ.வி.யுடன் வாழ்வோருக்கும், தொற்றின் சுமையை மிக அதிகமாகச் சுமக்கும் சிறிய சமூகங்களான திருநங்கையர், பாலியல் தொழிலாளர், ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்கள், ஊசி வழியே போதை ஏற்றிக்கொள்வோர் ஆகியோருக்கும், வாக்குரிமையுடன் கூடிய இருக்கைகள் சட்டப்படி வழங்கப்பட வேண்டும்.

கருத்துக் கேட்பதற்காக இவர்களை அழைக்கும் கூட்டங்கள் நடப்பதை நான் அறிவேன். எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் அரசின் நம்பிக்கை மையம் ஒன்றில் ஆலோசகராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அத்தகைய சில கூட்டங்களில் நானும் அமர்ந்திருக்கிறேன். வந்தவர்கள் தங்கள் குறைகளைச் சொல்வார்கள், அதிகாரிகளும் பொறுமையாகவே கேட்பார்கள், குறிப்பும் எடுத்துக்கொள்ளப்படும். ஆனால் எந்தத் தலைப்பில் எவ்வளவு தொகை என்ற பட்டியல் அந்தக் கூட்டத்தின் முன் வைக்கப்பட்டதை நான் பார்த்ததில்லை. சொன்னவர்களின் சொல் அந்தப் பட்டியலில் ஒரு வரியையாவது மாற்றியதா என்பதை அறியவும் அவர்களுக்கு வழியிருந்ததில்லை.

எண்ணிக்கையில் சிறிய சமூகங்களுக்கு ஏன் இந்தத் தனி உரிமை என்று கேட்கப்படலாம். 2017-ஆம் ஆண்டின் தேசியக் கண்காணிப்புக் கணக்கெடுப்பில், பொதுமக்களின் நிலையைக் காட்டும் அளவுகோலாகக் கொள்ளப்படும் கர்ப்பிணிப் பெண்களிடையே எச்.ஐ.வி. தொற்று 0.28 சதவீதமாக இருந்தது. அதே கணக்கெடுப்பில் பெண் பாலியல் தொழிலாளரிடையே 1.56, ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களிடையே 2.69, திருநங்கையரிடையே 3.14, ஊசி வழியே போதை ஏற்றிக்கொள்வோரிடையே 6.26 சதவீதம். பொதுமக்களிடையே தொற்று குறைந்துவிட்டது என்ற மகிழ்ச்சியான செய்திக்குப் பின்னால், ஒரு திருநங்கைக்கான அபாயம் கர்ப்பிணிப் பெண்ணுக்கான அபாயத்தைப் போல் பதினோரு மடங்காக இருக்கும் நிலை மறைந்து நிற்கிறது. சராசரியைப் பார்த்து நிதியைக் குறைத்தால் அந்தக் குறைப்பு முதலில் விழுவது இவர்கள் மீதுதான்.

தமிழ்நாட்டுக்கு இதில் தனியான பொறுப்பும் உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில்தான். காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர் பெண்களிடமிருந்து எடுக்கப்பட்ட ரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டபோது அந்த உண்மை வெளிப்பட்டது. அந்த ஆய்வு நாட்டை விழிக்க வைத்தது. அதன் அருமையைக் குறைத்துப் பேச எனக்கு எண்ணமில்லை. ஆயினும் ரத்தம் கொடுத்த பெண்களுக்கு எதற்காக அது எடுக்கப்படுகிறது என்பது விளக்கப்படவில்லை என்பதையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். அவர்களைப் பற்றிய முடிவுகளை அவர்கள் இல்லாமலேயே எடுக்கும் பழக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

அதன் பின் இந்த மாநிலம் செய்த நல்ல காரியங்கள் பல. 1994-இல் நாட்டிலேயே முதலாவதாக மாநில அளவில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தை அமைத்தது தமிழ்நாடுதான். 2004 ஏப்ரலில் ஏ.ஆர்.டி. எனப்படும் இலவசக் கூட்டு மருந்து சிகிச்சை நாட்டில் தொடங்கப்பட்டபோது தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை முதல் மையங்களுள் ஒன்றாக இருந்தது. எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரின் அகில இந்தியக் கூட்டமைப்பு 1997-லும், எச்.ஐ.வி. உள்ள பெண்களின் கூட்டமைப்பு 1998-லும் சென்னையில்தான் உருவாயின. திருநங்கையர் நல வாரியம் 2008-இல் இந்தியாவில் முதன்முதலாக இங்கே அமைந்தது. இவ்வளவு முன்னோடித்தனம் உள்ள மாநிலத்தில், இந்தக் கூட்டமைப்புகளின் உழைப்பு சிகிச்சையைக் கொண்டு சேர்க்கப் பயன்படுகிறதே தவிர, எதைச் சேர்ப்பது என்று தீர்மானிக்கும் இடத்தில் அதற்கு ஈடான அதிகாரம் தரப்படவில்லை. 2020-இல் ஊரடங்கின்போது பேருந்துகள் நின்றுபோய், ஏ.ஆர்.டி. மையத்துக்கு வர முடியாமல் தவித்தவர்களின் வீடு தேடி மாத்திரைகளைக் கொண்டு சென்றவர்களுள் இந்தக் கூட்டமைப்புகளின் தன்னார்வலர்கள் இருந்தார்கள். எந்தத் தெருவில் யார் இருக்கிறார், யாருடைய வீட்டாருக்கு விஷயம் தெரியாது, யாரிடம் மருந்துப் பொட்டலத்தை எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் அவர்கள் அறிந்திருந்தார்கள். இந்த அறிவு திட்டமிடும்போதும் தேவைப்படும் அறிவுதான்.

அது இல்லாததால் என்ன நேர்கிறது என்பதற்கு ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். இச்சமூகங்களிடையே தொற்றைத் தடுக்க நடத்தப்படும், டி.ஐ. எனப்படும் இலக்குசார் திட்டங்களுக்கான நிதி, ஒரு பகுதியில் அந்தச் சமூகத்தவர் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற மதிப்பீட்டின் அடிப்படையில் கணக்கிடப்படுகிறது. அந்த மதிப்பீடு நீண்ட காலமாகப் பேருந்து நிலையம், பூங்கா, நெடுஞ்சாலை ஓரம், விடுதி என்று கூடும் இடங்களைச் சார்ந்தே எடுக்கப்பட்டு வந்தது. கைப்பேசி வந்த பிறகு அந்த இடங்கள் காலியாகத் தொடங்கின. சந்திப்புகள் செயலிகளிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் முடிவாகின்றன. சிறு நகரங்களில் வீட்டோடு இருந்து தொழில் செய்யும் பெண்களையும், திருமணமாகிக் குடும்பத்தோடு வாழும் ஆண்களையும் ஹாட்ஸ்பாட் எனப்படும் அத்தகைய கூடுமிடம் எதிலும் காண முடியாது. களத்தில் நடந்து விழிப்புணர்வூட்டும் பியர் எஜுகேட்டர்களுக்கு இது முதலிலேயே தெரிந்திருந்தது. அவர்கள் அந்தச் சமூகத்திலிருந்தே வந்தவர்கள். பூங்காவில் ஆணுறை கொடுத்ததற்கான பதிவேட்டை நிரப்பியபடியே, தாங்கள் சந்திக்க வேண்டியவர்கள் அங்கே இல்லை என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாம் கட்டத் திட்டம் இணையவழிச் சந்திப்புகளைக் கவனத்தில் கொண்டது வரவேற்கத்தக்கது. ஆனால் களத்தில் இருப்பவருக்குத் தெரிந்த மாற்றம் நிதிக் கணக்கை எட்ட இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கத் தேவையில்லை. இன்று சென்னையிலும் வேறு சில நகரங்களிலும் வலி நிவாரண மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றிய செய்திகள் தங்கள் நாளிதழிலேயே வருகின்றன. அவர்களுக்குச் சுத்தமான ஊசியும், ஊசிப் போதைக்குப் பதிலாக மருந்து தரும் மாற்றுச் சிகிச்சையும் எங்கே தேவை என்பதை அடுத்த மதிப்பீடு வரும்வரை காத்திருந்து தெரிந்துகொள்வதா, அவர்களோடு பேசிக்கொண்டிருப்பவர்களை மேசையில் உட்கார வைத்து இப்போதே தெரிந்துகொள்வதா என்பதுதான் நம் முன் உள்ள கேள்வி.

வேறு நாட்டில் இது எப்படிச் செய்யப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், ரத்தம் உறையாமை நோய்க்காக ஏற்றப்பட்ட ரத்தப் பொருளால் எச்.ஐ.வி. தொற்றிய ரயன் வைட் என்ற சிறுவன் பள்ளிக்கு வர அனுமதி மறுக்கப்பட்டான். நீதிமன்றப் போராட்டத்துக்குப் பின் பள்ளி திரும்பி, 1990 ஏப்ரலில் காலமானான். அதே ஆண்டு ஆகஸ்டில் அவன் பெயரால் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நோய் மிகுந்த பெருநகரங்களுக்குச் சிகிச்சைக்கும் பராமரிப்புக்குமான நிதியை அளிக்கும் அந்தச் சட்டம், ஒவ்வொரு நகரிலும் ஒரு திட்டமிடும் மன்றத்தை ஏற்படுத்தியது. பணம் நகர நிர்வாகத்திடம் வரும். அதை மருந்துக்கு எவ்வளவு, மருத்துவருக்கு எவ்வளவு, வீட்டு வாடகை உதவிக்கு எவ்வளவு, போக்குவரத்துக்கு எவ்வளவு என்று பிரிப்பது மன்றத்தின் வேலை. மன்ற உறுப்பினர்களில் குறைந்தது 33 சதவீதம் பேர் அந்தச் சேவைகளைப் பெறும் எச்.ஐ.வி. உள்ளவர்களாக இருக்க வேண்டும். அந்த 33 சதவீதத்தினர் நிதி பெறும் எந்த அமைப்பிலும் ஊழியராகவோ நிர்வாகியாகவோ ஆலோசகராகவோ இருக்கக் கூடாது. மன்றத்தின் கூட்டங்கள் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தவை. எந்த நிறுவனத்துக்கு ஒப்பந்தம் தருவது என்பதில் மன்றம் தலையிட முடியாது. அது நிர்வாகத்தின் வேலை. தொண்டு நிறுவனங்கள் தங்களுக்கே பணத்தை ஒதுக்கிக்கொள்ளும் என்ற அச்சத்துக்கு இந்தப் பிரிவினை பதிலாக அமைந்தது.

அந்தச் சட்டத்தின் இன்னொரு கூறு நமக்கு மிகவும் பொருந்தும் என்று கருதுகிறேன். நகர நிர்வாகம் பணத்தை எவ்வளவு விரைவாகச் சேவை அமைப்புகளுக்குக் கொண்டு சேர்த்தது என்பதை ஆராய்ந்து மதிப்பிடுவதும் மன்றத்தின் கடமை. நம் ஊரில் நிதி தவணை தாமதமாகும்போது அதன் வலியைத் தாங்குவது மாதம் சில ஆயிரம் ரூபாய் மதிப்பூதியத்தில் வேலை செய்யும் களப்பணியாளர்தான். பல மாதம் ஊதியம் வராமல், கைக்காசைப் போட்டுப் பேருந்தில் சென்று, விடுபட்டுப்போன நோயாளியை மீண்டும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு அழைத்து வந்தவர்களை நான் நேரில் அறிவேன். தாமதம் எந்த மேசையில், எத்தனை நாள் என்று கேட்கும் அதிகாரம் அவர்களுள் எவருக்கும் இருந்ததில்லை.

அமெரிக்க அனுபவத்தில் ஓர் எச்சரிக்கையும் உள்ளது. இருக்கை கொடுத்துவிட்டால் மட்டும் நியாயம் வந்துவிடுவதில்லை. தொண்ணூறுகளின் நடுவில் அங்கே கூட்டு மருந்து சிகிச்சை வந்து இறப்புகள் குறையத் தொடங்கியபோது, அந்தக் குறைவு வெள்ளையரிடையே வேகமாகவும் கறுப்பின மக்களிடையே மெதுவாகவும் இருந்தது. முதலில் அமைப்பாகத் திரண்டவர்களிடமே பணமும் குரலும் தங்கிவிட்டன என்ற குறை எழுந்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் கறுப்பின உறுப்பினர்கள் குழு, மேக்சின் வாட்டர்ஸ் தலைமையில் இதை அவசரநிலையாக அறிவிக்க வலியுறுத்தியது. 1998 அக்டோபரில் அதிபர் கிளிண்டன் சிறுபான்மை இனத்தவரிடையேயான எச்.ஐ.வி.யைத் தீவிரமான சுகாதார நெருக்கடி என்று ஒப்புக்கொண்டு 15.6 கோடி டாலர் தனி நிதியை அறிவித்தார். 2006-இல் அந்த ஏற்பாடு ரயன் வைட் சட்டத்துக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. மன்றத்தின் உறுப்பினர் அமைப்பு அந்தப் பகுதியில் நோய் யாரைத் தாக்கியிருக்கிறதோ அந்த விகிதத்தைப் பிரதிபலிக்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தின் விதி. இவ்வளவுக்குப் பிறகும் அங்கே மக்கள்தொகையில் ஏறக்குறைய எட்டில் ஒருவரான கறுப்பினத்தவர், புதிதாகத் தொற்று கண்டறியப்படுவோரில் ஐந்தில் இருவர் அளவுக்கு இருக்கிறார்கள். ஆகவே அந்த நாட்டு ஏற்பாட்டை அப்படியே கொண்டாட வேண்டியதில்லை. ஆனால் நாம் கற்க வேண்டியது இருக்கிறது: தமிழ்நாட்டில் மன்றம் அமைந்தால், சென்னையில் நன்கு அறியப்பட்ட சில முகங்களே எல்லா இருக்கைகளையும் நிரப்பிவிடாமல், தருமபுரியிலும் இராமநாதபுரத்திலும் அமைப்பே இல்லாமல் வாழ்பவர்களுக்கும், சமூகத்துக்குள்ளேயே ஒதுக்கப்பட்டவர்களுக்கும் இடம் ஒதுக்கப்பட வேண்டும். நிதியிலும் அவர்களுக்கென ஒரு பகுதி தனியாகக் குறிக்கப்பட வேண்டும்.

வெளிநாட்டுப் பணத்தை நம்பிய ஏற்பாடுகள் எவ்வளவு பலவீனமானவை என்பதை அண்மைக் காலம் காட்டியிருக்கிறது. ஹைதராபாதில் 2021-இல் தொடங்கி, பின்னர் கல்யாணிலும் புணேயிலும் திறக்கப்பட்ட மித்ர் கிளினிக்குகள், திருநங்கையர் தம் சமூகத்தைச் சேர்ந்த பணியாளர்களாலேயே நடத்தப்பட்டவை. ஹார்மோன் ஆலோசனை, மனநல உதவி, எச்.ஐ.வி. பரிசோதனை எல்லாம் ஒரே கூரையின் கீழ் அங்கே கிடைத்தன. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை நிறுத்தியதும் அவற்றின் கதவுகள் மூடப்பட்டன. இங்கே சென்னை, மதுரை அரசு மருத்துவமனைகளில் திருநங்கையருக்கான சிறப்புச் சிகிச்சைப் பிரிவுகள் இருப்பதால் நாம் அந்த அளவுக்கு நிர்க்கதியாக இல்லை. ஆனால் ஒரு திருநங்கை ஹார்மோன் சிகிச்சைக்கு ஒரு நாள், ஏ.ஆர்.டி.க்கு வேறொரு நாள், இரண்டு வரிசைகள், இரண்டு முறை எல்லோருடைய பார்வையும் என்று அலைய வேண்டியிருந்தால் இரண்டில் ஒன்றை விட்டுவிடுவார். பெரும்பாலும் விடப்படுவது ஏ.ஆர்.டி.தான் என்பது என் பணிக்கால அனுபவம். இரண்டையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் தருவதற்குப் பெருந்தொகை தேவையில்லை. அதற்கு முன்னுரிமை தர வேண்டும் என்று தீர்மானிக்கும் இடத்தில் ஒரு திருநங்கை இருந்தால் போதும்.

மருந்துக் கொள்முதலிலும் இதே கதைதான். 2022 ஜூலையில் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர் டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகத்தின் முன் அமர்ந்து, ஏ.ஆர்.டி. மருந்துத் தட்டுப்பாட்டைக் கண்டித்து ஒரு மாதத்துக்கு மேல் போராடினார்கள். மாதக்கணக்கில் தந்த மருந்தைச் சில நாட்களுக்கு மட்டும் தருகிறார்கள், மருந்தை மாற்றித் தருகிறார்கள் என்று அவர்கள் முறையிட்டார்கள். கையிருப்பு குறைவதை முதலில் உணர்பவர் மாத்திரை வாங்குபவர்தான். அவர் சொல்வதைக் கேட்க முறையான இடம் இருந்திருந்தால் தெருவில் அமர வேண்டிய தேவை வந்திருக்காது.

இத்தகைய ஏற்பாடு இந்திய நிர்வாகத்துக்கு அந்நியமானது என்று யாரும் கூற முடியாது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுக்களில் உறுப்பினர்களில் முக்கால் பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் அக்குழுவின் தலைவராக ஒரு மாணவரின் தாய் இருக்கிறார். படிப்பறிவில்லாத தாய்க்குப் பள்ளியின் வளர்ச்சித் திட்டத்தில் கையொப்பமிடும் உரிமையை இந்த மாநிலம் தந்திருக்கிறது; கிராம சபையில் ஊராட்சியின் வரவு செலவு ஊர் மக்கள் முன் வாசிக்கப்படுகிறது. தன் உயிரைக் காக்கும் மருந்துக்கான நிதியைப் பற்றி, இருபது ஆண்டுகளாக அந்த மருந்தை உட்கொண்டு வரும் ஒருவருக்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கில் இடம் கேட்பது மிகையான கோரிக்கையா?

ரகசியம் காப்பது பற்றிய தயக்கம் நியாயமானது. மன்றத்தில் அமர்வதே தன் நிலையை ஊருக்கு அறிவித்ததாகிவிடும் என்று பலர் அஞ்சுவார்கள். 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒருவரின் நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதைத் தடை செய்கிறது. வேலையிலும் கல்வியிலும் மருத்துவத்திலும் பாகுபாடு காட்டுவதையும் தடுக்கிறது. அதன் பாதுகாப்பை மன்ற உறுப்பினர்களுக்கு வெளிப்படையாக உறுதி செய்யலாம். வெளிப்பட விரும்பாதவர்களின் சார்பில் கூட்டமைப்புகள் தேர்ந்தெடுத்து அனுப்பும் பிரதிநிதிகள் அமரலாம். உறுப்பினர் எவரும் தம் நிலையைக் கூற வேண்டும் என்ற கட்டாயமே இருக்கக் கூடாது. கூட்டத்துக்கு வரும் நாளின் கூலி இழப்பையும் பயணச் செலவையும் அரசே ஏற்க வேண்டும். தினக்கூலிக்கும் இரவுத் தொழிலுக்கும் போகிறவர்களை மதிப்பூதியமின்றி மேசைக்கு அழைப்பது, வசதியுள்ளவர்களை மட்டும் அழைப்பதற்குச் சமமாகிவிடும்.

இவற்றைச் செய்யப் புதிய அலுவலகம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. மாவட்ட எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டு அலகின் பணிகளோடு இணைத்து ஒரு மாவட்டத் திட்டமிடும் குழுவை அமைக்கலாம். மூன்றில் ஒரு பங்கு இடம் சேவை பெறுவோருக்கும், அதற்குள் அந்த மாவட்டத்தின் தொற்று நிலைக்கேற்ப ஒவ்வொரு சமூகத்துக்கும் உள் ஒதுக்கீடும் இருக்கட்டும். அக்குழுக்களின் முன்னுரிமைப் பட்டியலே மாநிலச் செயல்திட்டத்துக்கு அடிப்படையாகட்டும்; ஏற்கப்படாத பரிந்துரைக்கு எழுத்தில் காரணம் சொல்லப்படட்டும். இதற்கெல்லாம் அரசாணை வரக் காலம் பிடிக்கும் என்றால், முதற்படியாக ஒன்றை இந்த ஆண்டே செய்யலாம். மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தன் வரைவுச் செயல்திட்டத்தை, மாவட்டவாரியான தொகைகளுடன், டெல்லிக்கு அனுப்புவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பு தமிழில் வெளியிட வேண்டும். அதன் அச்சுப் பிரதி ஒவ்வொரு நம்பிக்கை மையத்திலும் ஏ.ஆர்.டி. மையத்திலும் காத்திருப்போர் கையில் கிடைக்க வேண்டும். மாண்புமிகு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரும் துறைச் செயலரும் இது குறித்து ஓர் அறிவிப்பை வெளியிடுமாறு தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நம்பிக்கை மைய ஆலோசகர்,
விழுப்புரம்.